இயந்திரம் சொல்லிற்றாம்!

(கத்திவாக்கத்தில் நடந்த பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், செயற்கை அறிவு என்று சொல்லப்படும் பேசும் இயந்திரத்தைப் பற்றியதாகும். நோட்டீசைப் பார்த்த ஒரு தோழர், "கத்திவாக்கத்தில் வந்து பேச வேறு சங்கதி கிடைக்கவில்லையா? ஆற்றில் சாம்பல் படிந்து மீன்பாடு போயிற்று, 2017-ல் எண்ணூர் அனல்மின் நிலையத்தை மூடினார்கள், பிழைப்பைப் பற்றிப் பேசாமல் கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசுகிறீர்களே" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த ஊர் ஜனங்கள் எத்தனையோ வருஷமாய்க் கேட்டு வருகிற கேள்வி ஒன்று உண்டு. "கெடுதி நடந்துவிட்டது, இதற்குப் பதில் சொல்லுகிறவன் யார்?" என்பதே அது. அந்தக் கேள்வியைத்தான் இன்று இந்த இயந்திரத்தின் முன்னும், அதை வைத்துக் காசு பண்ணுகிறவன் முன்னும் வைக்க வேண்டியிருக்கிறது.

நாம் சட்டம் படித்தவரல்ல. பள்ளிக்கூடத்தைச் சீக்கிரம் விட்டுவிட்டு, வாசகசாலையில் கிடைத்ததைப் படித்தும், தெரிந்தவர்களைக் கேட்டும் அறிந்துகொண்டவர். ஆகையால் நாம் சொல்லுவதை வேதவாக்காகக் கொள்ள வேண்டாம். உங்கள் அறிவில் உரைத்துப் பாருங்கள். சரியென்று பட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள்.

இயந்திரம் இன்னதென்பது

பத்திரிகை, புத்தகம், பாட்டு, படம் என்று மனிதர்கள் எழுதியும் பாடியும் வரைந்தும் வைத்ததை மலை மலையாய்க் கம்ப்யூட்டருக்குள் கொட்டுகிறார்கள். எந்த வார்த்தைக்குப் பின் எந்த வார்த்தை வருவது வழக்கம் என்பதை அது கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளுகிறது. நாம் ஒன்று கேட்டால் அந்தக் கணக்கின்படி வார்த்தைகளைக் கோத்துப் பதிலாய்க் கொடுக்கிறது. கேட்பவனுக்குப் பொருத்தமாய்த் தோன்றும்படி சொல்லுவதே அதன் வேலை. மெய் எது பொய் எது என்ற கவலை அதற்கில்லை. ஆகவே பல சமயம் சரியாய்ச் சொல்லுகிறது. சில சமயம் இல்லாததை இருக்கிறதாகக் கொஞ்சமும் கூசாமல் சொல்லுகிறது.

நாம் இயந்திரத்திற்கு விரோதியல்ல. மூட்டை சுமக்கிறவன் முதுகு நிமிரும்படி துறைமுகத்திற்கு ஒரு கிரேன் வந்தால் சந்தோஷப்படுகிறவர்கள் நாம். எழுதத் தெரியாத ஒரு தாய் ரேஷன் கடைக்கு மனு எழுத இந்த இயந்திரம் உதவினால் அதையும் வரவேற்கிறோம். ஆனால் கிரேன் அறுந்து ஆள் செத்தால், "கிரேன் கொன்றது" என்று எழுதி வழக்கை மூட யாரும் சம்மதிக்க மாட்டார்கள். பேசும் இயந்திரத்தின் விஷயத்தில் மட்டும் அப்படி எழுதப் பார்க்கிறார்கள். அதுதான் நம் சண்டை.

பழைய தந்திரம்

குறி சொல்லுகிறவனை எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். அவன் வாய்தான் பேசுகிறது; ஆனால் "சாமி சொல்லுகிறது" என்பான். சொன்னது பலித்தால் தட்டில் விழும் காசு அவனுக்கு. பலிக்காவிட்டால் பழி சாமிக்கும் போகாது, அவனுக்கும் போகாது. "உனக்குப் பக்தி போதாது, உன் கர்மம்" என்று கேட்டவன் தலையிலேயே விழும். லாபத்திற்கு ஓர் ஆள், நஷ்டத்திற்கு வேறோர் ஆள் என்று பிரித்து வைப்பதே அந்தத் தொழிலின் இரகசியமாகும்.

இப்போது அதே தந்திரம் மின்சாரத்தில் ஓடுகிறது. 2022-ல் கனடா தேசத்தில் ஒருவர், பாட்டி இறந்துவிட்டபடியால் அவசரமாய்ப் பிரயாணம் செய்ய வேண்டி, ஏர் கனடா விமானக் கம்பெனியின் இணையப் பக்கத்திலிருந்த பேசும் இயந்திரத்தைக் கேட்டார். துக்கப் பிரயாணத்திற்குச் சலுகை உண்டென்றும், டிக்கெட் வாங்கிய பின்னும் விண்ணப்பிக்கலாமென்றும் அது சொல்லிற்று. நம்பி வாங்கினார். பிறகு கம்பெனி, அப்படி ஒரு விதி இல்லை என்று பணம் தர மறுத்தது. வழக்கு வந்தபோது கம்பெனி சொன்ன சமாதானம் என்ன தெரியுமா? அந்தப் பேசும் இயந்திரம் தன் செய்கைக்குத் தானே பொறுப்பான தனி ஆசாமி என்பதாக வாதித்தது! 2024 பிப்ரவரியில் தீர்ப்பாயம் அதைத் தள்ளி, உன் பக்கத்தில் உள்ளதற்கெல்லாம் நீயே பொறுப்பு என்று சொல்லிச் சுமார் 800 கனடா டாலர் கொடுக்கும்படி உத்தரவிட்டது. தொகை சிறியது, அதில் அடங்கிய நியாயம் பெரியது.

நாமே செய்த பிழை

பிறரைச் சொல்லுமுன் நம்மைச் சொல்லிக்கொள்ள வேண்டும். சென்ற வருஷம் மேதினக் கூட்டத்திற்குத் துண்டு நோட்டீஸ் போட வேண்டியிருந்தது. நேரமில்லை. போனிலிருந்த இயந்திரத்தைக் கேட்டோம். இரண்டு நிமிஷத்தில் அழகாய் எழுதிக் கொடுத்தது. நடுவில் ஒரு வாக்கியத்தை, 1923-ல் இந்நாட்டில் முதல் மேதினம் கொண்டாடிய சிங்காரவேலர் சொன்னதென்று போட்டிருந்தது. அவர் சொல்லக்கூடியது போலவே இருந்தது. அப்படியே அச்சுக்குக் கொடுத்து, 500 நோட்டீஸ் வழங்கிவிட்டோம்.

கூட்டம் முடிந்ததும் எர்ணாவூரிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர், ஓய்வு பெற்ற பிட்டர், நோட்டீசைக் கையில் வைத்துக்கொண்டு, "தம்பி, இது எந்தப் புத்தகத்தில், எந்தப் பக்கத்தில் இருக்கிறது?" என்று கேட்டார். விழித்தோம். மூன்று நாள் தேடினோம். எங்கும் இல்லை. "இயந்திரம் கொடுத்தது அய்யா" என்றோம். அவர் கேட்டார்: "நோட்டீசின் கீழே இயந்திரத்தின் பெயரா போட்டிருக்கிறது? உன் பெயர்தானே போட்டிருக்கிறது?"

தோழர்களே! சாமி சொல்லிற்று என்கிறவனை இருபது வருஷமாய் மேடையில் கிண்டல் செய்துகொண்டிருந்த நாம், இயந்திரம் சொல்லிற்று என்றோம். அடுத்த கூட்டத்தில் மேடையேறி, அது சிங்காரவேலர் வாக்கல்ல, நம் தவறு என்று வாசித்தோம். ஆனாலும் 500 நோட்டீசும் போனது போனதுதான். ஒரு டீக்கடைச் சுவரில் அது இன்னும் ஒட்டியிருக்கிறது. இறந்துபோன ஒரு மனிதர் சொல்லாததைச் சொன்னதாக நம் பெயரால் ஒரு பொய் அங்கே நிற்கிறது.

பெரிய படிப்புப் படித்தவர்களும் இதில் விழுந்திருக்கிறார்கள். 2023-ல் நியூயார்க் கோர்ட்டில் வக்கீல்கள், இயந்திரம் கொடுத்த இல்லாத தீர்ப்புகளைத் தாக்கல் செய்து 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். நம் பக்கத்தில் கேரள ஐகோர்ட்டு 2025 ஜூலையில், தன் கீழுள்ள கோர்ட்டுகள் தீர்ப்பு முடிவு செய்ய இந்த இயந்திரத்தை உபயோகிக்கக் கூடாதென்று விதி செய்தது. கையெழுத்துப் போடுகிறவன் அறிந்து போட வேண்டும் என்பதே இதன் கருத்து.

குழாயைக் கேட்பதா?

2023 டிசம்பர் 26 இரவு, இங்கே கடலுக்கடியில் போகும் ஓர் உரக் கம்பெனிக் குழாயில் அமோனியா கசிந்து, பெரியகுப்பம், சின்னகுப்பம் ஜனங்கள் கண்ணெரிந்து மூச்சுத் திணறி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அன்று ஒருவன் வந்து, "கசிந்தது குழாய், குழாயைக் கேளுங்கள்" என்றிருந்தால் விட்டிருப்பீர்களா?

1985-ல் டில்லியில் ஒரு தொழிற்சாலையில் ஓலியம் வாயு கசிந்த வழக்கில், 1986 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு நியாயத்தைச் சொல்லிற்று. ஆபத்தான தொழிலை நடத்தி லாபம் எடுக்கிறவன், "நான் ஜாக்கிரதையாய்த்தான் இருந்தேன்" என்று சொல்லித் தப்ப முடியாது. விளைந்த கேட்டுக்கு முழுப் பொறுப்பும் அவனுடையதே என்பது அது. அந்தத் தீர்ப்பு வாயுவுக்குச் சொன்னது, வார்த்தைக்குச் சொன்னதல்ல. பேசும் இயந்திரத்தின் கேட்டுக்கென்று தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. ஆனால் லாபம் எங்கே போகிறதோ அங்கேதான் பொறுப்பும் போக வேண்டும் என்ற நியாயம் குழாய்க்கும் இயந்திரத்திற்கும் ஒன்றேயாகும்.

எல்லாப் பொறுப்பையும் ஒருவன் தலையில் கட்ட வேண்டுமென்றும் நாம் சொல்லவில்லை. செய்து விற்ற கம்பெனி ஒரு பங்கு. அதை வாங்கித் தன் கடையிலோ ஆபீசிலோ வைத்து ஜனங்களுக்குப் பதில் சொல்ல வைத்தவன் ஒரு பங்கு. பொய்யென்று தெரிந்தோ, தெரிந்துகொள்ளச் சோம்பியோ ஊருக்குப் பரப்பினவன் ஒரு பங்கு. இந்த மூன்றில் நாம் மூன்றாவது பங்கைச் செய்தவர்கள். மூவரும் மனிதர்களே. பங்கில்லாதது இயந்திரம் ஒன்றுதான்.

செத்தவர் பேசுவது

முன்பு மந்திரவாதி செத்தவரின் ஆவியைப் பேசவைப்பதாகச் சொன்னான். இப்போது இயந்திரம் குரலையே கொண்டுவருகிறது. 2018-ல் காலமான கலைஞர் கருணாநிதி 2024 ஜனவரியில் ஒரு புத்தக வெளியீட்டு விழாவில் படத்தில் தோன்றி வாழ்த்துப் பேசினார். 2016-ல் காலமான ஜெயலலிதா அம்மையாரின் குரல் 2024 பிப்ரவரியில் ஓட்டுக் கேட்டது. எந்தக் கட்சி என்று நாம் பார்க்கவில்லை. செத்தவர் வாயில் உயிரோடிருப்பவன் தன் வார்த்தையைப் போடுகிறான் என்பதே நம் கவலை. அந்த வார்த்தைக்கு நாளைக்கு யார் பதில் சொல்லுவது?

சினிமாவிலும் இதுவே. 2024-ல் வந்த லால் சலாம் படத்தில் காலமான பம்பா பாக்கியா, சாகுல் ஹமீது இருவர் குரலையும் இயந்திரத்தால் உண்டாக்கி ஒரு பாட்டில் சேர்த்தார்கள். இசையமைத்த ஏ.ஆர். ரகுமான், குடும்பத்தாரிடம் சம்மதம் கேட்டு, தகுந்த ஊதியமும் அனுப்பியதாக அறிவித்தார். அதே 2024-ல், எஸ்.பி. பாலசுப்பிரமணியம் அவர்களின் குரலைக் கேளாமலே ஒரு தெலுங்குப் படத்தில் உண்டாக்கினார்கள் என்று அவர் மகன் வக்கீல் நோட்டீஸ் விட்டார். கேட்டுச் செய்வதற்கும் கேளாமல் செய்வதற்கும் உள்ள பேதத்தை இவ்விரண்டிலும் பார்த்துக்கொள்ளுங்கள். 2024 ஜூலையில் பம்பாய் ஐகோர்ட்டு, பாடகர் அரிஜித் சிங் குரலைப் போலி செய்யும் கருவிகளுக்குத் தடை போட்டது. அவர் பெரிய பாடகர். பெரிய கோர்ட்டுக்குப் போனார். இந்த வடசென்னையில் சாவு வீட்டில் விடிய விடியக் கானா பாடும் தோழன் எந்தக் கோர்ட்டுக்குப் போவான்? அவன் சொத்து அவன் தொண்டை ஒன்றுதானே!

எழுதினவன் யார்?

இயந்திரம் எழுதினால் அதன் பதிப்புரிமை யாருக்கு என்பது அடுத்த கேள்வி. அமெரிக்காவில் 2025 மார்ச்சில் வாஷிங்டன் மேல் கோர்ட்டு, பதிப்புரிமைக்கு மனித ஆசிரியன் இருந்தே தீர வேண்டும் என்றது. நம் நாட்டில் 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994-ல் சேர்த்த ஒரு வார்த்தை இருக்கிறது. கம்ப்யூட்டரால் உண்டாவதற்கு, அதை உண்டாகச் செய்த ஆளே ஆசிரியன் என்பது அது. இயந்திரத்தைச் செய்த கம்பெனியா, கேள்வி போட்ட நீங்களா, உள்ளே கொட்டிய புத்தகத்தை எழுதினவனா, யார் "உண்டாகச் செய்த ஆள்"? 1994-ல் அந்த வார்த்தையை எழுதினபோது இப்படியோர் இயந்திரம் கண்ணில் படவில்லை.

இதில் உழைக்கிறவன் கதி எப்படியென்பதற்கு ஓர் உதாரணம். 2013-ல் வந்த ராஞ்சனா என்ற இந்திப் படம், தமிழில் அம்பிகாபதி. முடிவில் கதாநாயகன் சாகிறான். 2025 ஆகஸ்டில் கம்பெனியார் இயந்திரத்தைக் கொண்டு அவனைப் பிழைக்க வைத்து, முடிவை மாற்றித் தமிழில் மறுபடி வெளியிட்டார்கள். டைரக்டர் ஆனந்த் எல். ராய் ஆட்சேபித்தார். நடித்த தனுஷ், படத்தின் ஆத்மாவையே பறித்துவிட்டார்கள் என்ற கருத்தில் அறிக்கை விட்டார். ஆனால் நம் சட்டப்படி சினிமாவுக்கு ஆசிரியன் அதைத் தயாரித்த முதலாளிதான். கதை சொன்னவனும் நடித்தவனும் கூலிக்கு வந்தவர்களாகிறார்கள். செத்தவனைப் பிழைக்க வைத்த அற்புதத்திற்குப் பின்னால் இருந்தது ஓர் ஒப்பந்தக் காகிதம்!

கேளாமல் எடுத்த சரக்கு

இனி மூலச் சரக்கின் கதை. 2024 நவம்பரில் ஏ.என்.ஐ. என்ற செய்தி நிறுவனம் டில்லி ஐகோர்ட்டில், சாட்ஜிபிடியை நடத்தும் ஓப்பன்ஏஐ கம்பெனி மேல் 2 கோடி ரூபாய் கேட்டு வழக்குத் தொடுத்தது. எங்கள் செய்திகளைக் கேளாமல் எடுத்து இயந்திரத்துக்குப் போட்டார்கள். நாங்கள் சொல்லாததை எங்கள் பெயரில் சொல்லவும் வைத்தார்கள் என்பது புகார். கம்பெனியின் பதில்களில் ஒன்று, எங்கள் கம்ப்யூட்டர்கள் இந்தியாவில் இல்லை, ஆகவே இந்தக் கோர்ட்டுக்கு எங்களை விசாரிக்க அதிகாரம் இல்லை என்பது. சரக்கு இங்கே, சந்தா இங்கே, கோர்ட்டு மட்டும் கடலுக்கு அப்பால்!

அமெரிக்காவிலேயே என்ன நடந்தது? அந்திராபிக் என்ற கம்பெனி மேல் எழுத்தாளர்கள் போட்ட வழக்கில், 2025 ஜூனில் ஜட்ஜ், விலைக்கு வாங்கிய புத்தகத்தைக் கொண்டு இயந்திரத்தைப் பழக்குவது நியாயமான உபயோகமே என்றும், திருட்டுப் பிரதிகளைச் சேர்த்து வைத்தது அப்படியல்லவென்றும் சொன்னார். செப்டம்பரில் கம்பெனி 150 கோடி டாலர், அதாவது சுமார் 13,000 கோடி ரூபாய், கொடுக்க ஒப்புக்கொண்டது. சுமார் 5 லட்சம் புத்தகங்கள். புத்தகத்துக்குச் சுமார் 3,000 டாலர். ஆனால் அமெரிக்காவில் பதிவு செய்த புத்தகங்களே அந்தக் கணக்கில் வந்தன. திருவொற்றியூரில் ஒருவன் கடன் வாங்கி அச்சிட்ட தமிழ்ப் புத்தகத்திற்கு அங்கே இலை போடவில்லை.

நம் மத்திய சர்க்காரின் தொழில்துறைக் கமிட்டி 2025 டிசம்பரில் ஒரு யோசனை வெளியிட்டது. கம்பெனிகள் சட்டப்படி கிடைத்த எதையும் எடுத்துப் பழக்கலாம். ஆனால் வருமானத்தில் பங்கு கட்ட வேண்டும். ஒரு பொது அமைப்பு அதை வசூலித்துப் படைத்தவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். "என்னுடையதை எடுக்காதே" என்று மறுக்கும் உரிமை கிடையாது என்பது அதன் சாரம். கூலி உண்டென்று ஒப்புக்கொண்டது நல்லது. ஆனால் மாட்டேன் என்று சொல்ல முடியாதவனுக்குக் கொடுப்பதைக் கூலி என்பதா, பிச்சை என்பதா? அந்த அமைப்பில் உட்காரப் போகிறவர்கள் யார்? கானா பாடுகிறவனுக்கு அங்கே ஒரு நாற்காலி உண்டா? இதைக் கேட்காமல் விட்டால், உண்டியல் எண்ணுகிற இடத்தில் நடப்பதுதான் அங்கேயும் நடக்கும்.

ஓர் ஆட்சேபம்

சிலர் கேட்கலாம்: "அறிவு எல்லோருக்கும் பொது என்கிறவர்களல்லவா நீங்கள்? படிக்கக் கூடாதென்று தடுத்தவர்களை எதிர்த்தவர்களல்லவா? இப்போது எழுத்துக்கு வேலி கேட்கிறீர்களே! நீங்களும் பிறர் புத்தகத்தைப் படித்துத்தானே பேசக் கற்றீர்கள்?"

வாஸ்தவம். இந்தக் கேள்வியைத் தட்டிவிடக் கூடாது. நாம் இரவல் புத்தகத்தில் கற்றவர்களே. அறிவுக்கு வேலி போடுவது நமக்கும் சம்மதமல்ல. ஆனால் பொதுவாக்குவது என்றால் என்ன என்பதை இந்த நாட்டு அனுபவத்திலேயே பாருங்கள். பாரதியார் 1921-ல் இறந்தார். பின்னால் அவர் பாட்டுக்களை இசைத்தட்டிலும் சினிமாவிலும் உபயோகிக்கும் பாத்தியதை ஏவி. மெய்யப்பன் கைக்குப் போய், வேறொருவர் படத்தில் பாடினதற்கு வழக்கும் வந்தது. ஜனங்கள் கிளர்ச்சி செய்தார்கள். மெய்யப்பன் பணம் வாங்காமல் விட்டுக்கொடுக்க, 1949-ல் சென்னை சர்க்கார் உரிமையை எடுத்துக்கொண்டு, குடும்பத்தாருக்கும் தொகை கொடுத்து, பின்பு எல்லோருக்கும் பொதுவாக்கிற்று. அங்கே ஒருவன் கையிலிருந்தது ஊருக்கு வந்தது. குடும்பமும் பட்டினி போடப்படவில்லை. இங்கே ஊரார் கையிலிருந்தது ஒரு கம்பெனியின் பூட்டுக்குள் போய், மாதச் சந்தாவுக்கு நமக்கே திரும்பி வருகிறது. பொதுக் கிணற்றில் எல்லோரும் இறைக்கலாம் என்று போராடியது, ஒருவன் மோட்டார் வைத்து உறிஞ்சி நமக்கே தண்ணீர் விற்பதற்காகவா?

செய்ய வேண்டியது

ஆகவே தோழர்களே, சட்டம் வரட்டுமென்று உட்கார்ந்திராமல் நாம் இன்றே செய்யக்கூடியவை சில உண்டு.

இயந்திரம் எழுதியதில் ஒரு பெயர், ஒரு தேதி, ஒரு மேற்கோள் இருந்தால், மூலத்தைக் கண்ணால் பார்க்காமல் அச்சிடாதீர்கள், பிறருக்கு அனுப்பாதீர்கள். உங்கள் பெயரில் போவதற்கு நீங்களே ஜவாப்தாரி.

இயந்திரத்தால் உண்டாக்கிய படத்திற்கும் குரலுக்கும் அடையாளம் இட வேண்டும் என்று 2026 பிப்ரவரியில் மத்திய சர்க்கார் விதி செய்திருக்கிறது. அடையாளமில்லாமல் நம் கட்சிக்காரரே செய்தாலும் கேளுங்கள்.

பாடுகிறவர்கள், எழுதுகிறவர்கள் ஒன்றை அறிந்துகொள்ளுங்கள். பதிப்புரிமை படைத்தபோதே பிறந்துவிடுகிறது. பதிவு செய்தால்தான் உண்டு என்பதில்லை. ஆனால் உன்னுடையதென்று காட்டச் சாட்சி வேண்டும். எழுதிய தேதியோடு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன், "குரலையும் உருவத்தையும் எவ்விதத்திலும் உபயோகிக்கலாம்" என்று எங்காவது சின்ன எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அடிக்கச் சொல்லுங்கள். தனியாய்ச் சொன்னால் வேலை போகும். ஆகையால் சங்கமாய்ச் சொல்லுங்கள்.

ஆபீசிலோ ஆஸ்பத்திரியிலோ பாங்கியிலோ ஒருவர் உங்களைப் பார்த்து, "கம்ப்யூட்டர் அப்படித்தான் சொல்லுகிறது" என்றால் வாயை மூடிக்கொண்டு திரும்பி வராதீர்கள். "கம்ப்யூட்டருக்கு யார் சொன்னார்கள்? அவர் பெயரை எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள்.

"தலைவிதி" என்று சொன்ன காலத்தில், விதியை எழுதின கை எது என்று கேட்கச் சொன்னோம். இன்றும் அதையேதான் சொல்லுகிறோம். அந்த எர்ணாவூர்ப் பெரியவர் நம்மைக் கேட்டதுபோல ஊருக்கு ஊர் ஒருவர் எழுந்து, "தம்பி, எந்தப் பக்கம்?" என்று கேட்டால் போதும்; எந்த இயந்திரத்தையும் நாம் தைரியமாய்க் கையாளலாம். அந்தப் பெரியவர் இந்தக் கூட்டத்திலும் முன் வரிசையில் இருக்கிறார். இன்று நாம் சொன்னவற்றில் பிழை இருந்தால் இப்போதே எழுந்து கேட்கும்படி அவரையும் உங்களையும் வேண்டிக்கொள்ளுகிறோம்.